வெளிநாட்டில் காவலர் நிறுத்தினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே கவலையைப் பற்றியவை. கீழக்கரையிலிருந்து தொண்டி வரை நம் கடலோரத்தில், வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. போகிறவரும் சரி, வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவரும் சரி, விமானப் பயணத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, முன்பின் தெரியாத ஊரில் சீருடை அணிந்த ஒருவர் கைகாட்டி நிறுத்துவதை நினைத்தே அதிகம் அஞ்சுகிறார்கள் என்பது இக்கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவர் கோலாலம்பூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு மாதம் அவருடன் இருந்துவிட்டு வர ஏற்பாடு செய்திருக்கிறோம். மஸ்ஜித் இந்தியாப் பகுதியில் போலீசார் நம்மவர்களை நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மலாய் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறைதான். நான் தனியாகக் கடைக்குப் போகும்போது நிறுத்தினால் என்ன சொல்வது? பாஸ்போர்ட் தொலைந்துவிடும் என்று நகல் மட்டும் எடுத்துச் செல்லலாமா? நினைத்தாலே தூக்கம் வரவில்லை. (ஒரு சகோதரி, கீழக்கரை)

பதில்: சகோதரி, உங்கள் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டவர் அதிகம் நடமாடும் அத்தகைய பகுதிகளில் சோதனைகள் நடப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை யாரைத் தேடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும். அனுமதித்த நாள்களுக்கு மேல் தங்கியவர்கள், பார்வையாளராக வந்து வேலை செய்பவர்கள், பத்திரமே இல்லாமல் நுழைந்தவர்கள் ஆகியோரைத்தான் அங்குள்ள குடிநுழைவுத் துறையினரும் காவலரும் தேடுகிறார்கள். முறைப்படி வந்து, நாள் மீறாமல் இருக்கும் ஒருவரிடம் அவர்கள் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டின் முகப்படப் பக்கத்தையும் நுழைவு முத்திரையையும்தான். மண்டபத்திலும் பாம்பனிலும் கடலுக்குப் போகும் மீனவர் மீன்துறை டோக்கனையும் அடையாள அட்டையையும் உடன் வைத்திருந்து, கேட்டால் காட்டிவிட்டுத் தொழிலுக்குப் போவதைப் போல இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. 'ஒரு மாதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாமல் அளித்துவரும் நுழைவு 30 நாள்களுக்குரியது. மே 1ஆம் தேதி இறங்கி 31ஆம் தேதி கிளம்பினால், வந்த நாளையும் சேர்த்து 31 நாளாகிவிடும். வீட்டில் இருப்பவர்கள் இதை ஒரு நாள்தானே என்று எண்ணுவார்கள்; சட்டம் அதை அனுமதி மீறிய தங்கல் என்றே எண்ணும். வந்த நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்துக்கொண்டு, 27 அல்லது 28ஆம் நாளில் திரும்பும்படி பயணச்சீட்டை வாங்கிவிடுங்கள். விமானம் ரத்தானாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டொரு நாள் கையில் இருக்கும். இந்தச் சலுகை காலவரையறையுடன் நீட்டிக்கப்பட்டு வருவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நிரப்புவதும் அவசியம்.

நகல் போதாது. அங்கே வெளிநாட்டவர் மூலப் பாஸ்போர்ட்டை உடன் வைத்திருக்க வேண்டும். தொலைந்துவிடுமே என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகத் தோளில் தொங்கும் பையில் போடாமல், ஆடைக்குள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு துணிப்பையில் வையுங்கள். நகலையும் கைப்பேசியில் எடுத்த படத்தையும் வீட்டிலும் கணவரிடமும் வைத்திருங்கள். தொலைந்தால் புதியது வாங்க அவை உதவும். ஒரு தாளில் கணவரின் பெயர், கைப்பேசி எண், அவர் தங்கியிருக்கும் வீட்டின் முகவரி, திரும்பும் விமானத்தின் தேதி ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வையுங்கள். மொழி தெரியாதவருக்கு அந்தத் தாள் பெரிய துணை.

நிறுத்தினால் நில்லுங்கள். வேகமாக நடப்பதோ, தெரு மாறிப் போவதோ, பிள்ளையை இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைவதோ சந்தேகத்தை வளர்க்கும். பாஸ்போர்ட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கணவருக்கு அழைக்க வேண்டும் என்று கைப்பேசியைக் காட்டிக் கேளுங்கள். ஆண் அதிகாரியை 'துவான்' என்றும் பெண் அதிகாரியை 'புவான்' என்றும் அழைப்பது அந்த ஊர் மரியாதை. கேட்கப்படாத கதையைப் பதற்றத்தில் சொல்ல வேண்டாம். உங்கள் உடலைச் சோதிக்க வேண்டும் என்றால் அதைப் பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். அதுவரை காத்திருக்கும்படி அமைதியாகச் சொல்லலாம்.

சீருடை இல்லாமல் ஒருவர் வந்து போலீஸ் என்று சொன்னால், அதிகார அட்டையைக் காட்டும்படி கேட்கலாம். மலேசியாவில் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலுள்ளவர்களும் நீல அட்டை வைத்திருப்பார்கள்; இன்ஸ்பெக்டருக்குக் கீழுள்ளவர்களுடையது மஞ்சள்; துணைப்படையினருடையது வெள்ளை. சிவப்பு அட்டை பணியிடைநீக்கம் செய்யப்பட்டவருடையது. அவருக்கு உங்களை நிறுத்தும் அதிகாரமே இல்லை. பெயரையும் எண்ணையும் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பணப்பையைத் திறந்து காட்டு என்றும், பணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்பவரைப் பற்றி ஐயம் கொள்ளலாம். அத்தகைய நேரத்தில் பணத்தைக் கையில் கொடுக்காமல், காவல் நிலையத்துக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். 'பாலாய் போலீஸ்' என்றால் அவருக்குப் புரியும். ஆள் நடமாட்டமுள்ள கடை வாசலை விட்டு மட்டும் நகராதீர்கள். அங்கே அவசர உதவிக்கு எண் 999.

யாராவது 'கொஞ்சம் பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்' என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தவறே செய்யாத நீங்கள், லஞ்சம் கொடுக்க முயன்ற குற்றத்துக்கு ஆளாவீர்கள். 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளியே.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிட்டான். மலேசியாவில் உணவகத்தில் வேலை இருப்பதாக ஒருவர் சொல்கிறார். முதலில் சுற்றுலாவாகப் போகட்டும், போன பிறகு பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம், போலீஸ் பிடித்தால் சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் போதும் என்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். போலீசிடம் வேறு என்ன சொல்லச் சொல்லி அனுப்பலாம்? (ஒரு தந்தை, சாயல்குடி)

பதில்: ஐயா, மகனை அப்படி அனுப்பாதீர்கள். போலீசிடம் சொல்வதற்கென்று நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால், அந்த இளைஞனுக்கு நான் தீங்கு செய்தவனாவேன். உணவக மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பிடிபடும் ஒருவர் உறவினரைப் பார்க்க வந்ததாகச் சொன்னால், ஏற்கெனவே உள்ள குற்றத்தோடு பொய்யும் சேரும். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் அனுமதி மீறித் தங்குவதற்குப் பெருந்தொகை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதியின்றி நுழைந்தவருக்கு இவற்றோடு ஆறு பிரம்படி வரை உண்டு. சிங்கப்பூரில் 90 நாள்களுக்கு மேல் மீறித் தங்கும் ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படி என்பதும் சட்டத்தில் உள்ளது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மலேசியாவில் குடிநுழைவுக் குற்றத்துக்காகப் பிடிபடும் வெளிநாட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 14 நாள் வரை ஆகலாம். அந்த நாள்கள் முழுவதும் மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் நீங்கள் சாயல்குடியில் தவித்துக்கொண்டிருப்பீர்கள்.

நேர்வழி கடினமானதல்ல. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் 'ஈ-மைகிரேட்' இணையதளத்தில் சரிபாருங்கள்; சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவருடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அந்த அனுமதி வேண்டியுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சிலர் இந்தக் குறிப்பைத் தடை என்று நினைத்துக் குறுக்கு வழி தேடுகிறார்கள். வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உண்மைதானா என்று பார்த்து அனுப்புவதற்காகவே அந்த ஏற்பாடு உள்ளது.

முறையாகப் போனாலும், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதைப் பிறர் பிடித்துவைப்பது மலேசியச் சட்டத்திலும் குற்றம். தெருவில் காவலர் கேட்கும்போது காட்டப் பத்திரமில்லாமல் நிற்கும் தொழிலாளர்கள் பலருக்கு அந்த நிலை இவ்வாறுதான் வருகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உறவினர் திருமணம். எங்கள் பகுதி மீனவர்களை இலங்கைக் கடற்படையினர் கைது செய்யும் செய்திகளைப் பார்த்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்டம் என்று பாஸ்போர்ட்டில் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். போகலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், ஐயா. மீனவர் கைது என்பது கடல் எல்லையும் மீன்பிடி உரிமையும் சார்ந்த வேதனை. பயண அனுமதியுடன் விமானத்திலோ, 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலிலோ போய் இறங்கும் ஒருவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழும் அங்கே ஆட்சிமொழி. ஆகவே காவல் நிலையத்தில் தமிழில் பேசவும் எழுதித்தரவும் கூச்சப்பட வேண்டாம். இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதை அங்கே அவமதிப்பாகக் கருதுவார்கள்; உடன் வரும் இளையவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். காவல் அவசர எண் 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1912. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

கேள்வி: துபாயில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். பத்தியச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் கட்டி எடுத்துப் போகிறேன். அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளுக்கென்று தொதல், கருவாடு, மருந்து என்று பொட்டலம் தருகிறார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். விமான நிலையத்தில் போலீஸ் பிடிப்பார்களா? (ஒரு தாய், ஏர்வாடி)

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தெருச் சோதனைக்கு அஞ்சும் அளவுக்கு நம் மக்கள் தாங்கள் கட்டும் பெட்டிக்கு அஞ்சுவதில்லை. உண்மையான ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கசகசாவை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். நமக்கு அது குருமாவுக்கும் பிரசவ மருந்துக்கும் அரைக்கும் பொருள். அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சவூதியிலும் சிங்கப்பூரிலும் அதே நிலைதான். ஒரு சிட்டிகை என்றோ, பொடியோடு கலந்துவிட்டது என்றோ சொல்லித் தப்ப முடியாது. ஆகவே வீட்டில் அரைத்த மசாலாப் பொடியிலும், பிரசவ லேகியத்திலும், கடையில் வாங்கிய இனிப்பிலும் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். லேகியத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் அதையும் விட்டுச் செல்வதே நல்லது. சுக்கும் மிளகும் பூண்டும் அங்கேயே நல்லதாகக் கிடைக்கும்.

அடுத்தது மாத்திரை. இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து, வலிக்கு ட்ரமடால், உறக்கத்துக்கு அல்பிரசோலம், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு நம் மருத்துவர்கள் அடிக்கடி எழுதித்தரும் பிரிகாபலின் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். இவற்றில் ஏதேனும் நீங்கள் உண்பவராக இருந்தால், அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்; மகளோ மருமகனோ அங்கிருந்தே உதவ முடியும். சாதாரண இரத்த அழுத்த மாத்திரையாக இருந்தாலும், அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாமல் அட்டையோடும், மருத்துவர் கையொப்பமிட்ட ஆங்கிலச் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பொட்டலத்தைப் பற்றிக் கறாராகச் சொல்லுகிறேன். உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டி, நீங்களே கட்டாத எந்தப் பொட்டலமும் உங்கள் பெட்டிக்குள் போகக் கூடாது. தைத்த தலையணை, அடிப்பகுதி கனமான டப்பா, விமான நிலைய வாசலில் முன்பின் தெரியாதவர் நீட்டும் பை ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். பெட்டி உங்கள் பெயரில் இருக்கும்வரை, அதில் இருப்பது யாருடையது என்ற கேள்வியை உங்களிடம்தான் கேட்பார்கள். பிறர் தந்த பையில் போதைப்பொருள் இருந்து, வளைகுடாச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. மறுப்பது சங்கடமாக இருந்தால், மருமகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று அவர் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். தொதல் மட்டும் என்றால், கடையிலிருந்து பில்லோடு நீங்களே வாங்கி, அவர்கள் பிள்ளைக்கு என்று கொண்டுபோய்க் கொடுக்கலாமே.

இடையில் ஒரு செய்தி: சிங்கப்பூர் போகிற நம் ஊர் ஆண்கள் பான் பொட்டலங்களையும் மெல்லும் புகையிலையையும் சட்டைப்பையில் மறந்துவைத்தபடியே இறங்குவதுண்டு. மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அங்கே தடை செய்யப்பட்டவை. திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறுவதற்கு முன்பே பைகளைத் துழாவிப் பாருங்கள்.

கேள்வி: மேற்படிப்புக்காக அமெரிக்கா போகிறேன், தோழி இங்கிலாந்து போகிறாள். நம் நிறத்தைப் பார்த்து நிறுத்துவார்கள் என்றும், அமெரிக்கப் போலீஸ் சுட்டுவிடும் என்றும் வீட்டில் பயப்படுகிறார்கள். நிறுத்தினால் எங்கள் உரிமை என்ன? (கல்லூரி மாணவி, இராமநாதபுரம்)

பதில்: உரிமைக்கு முன் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் சோதனைச் சாவடியில் கை காட்டினால், ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆவணங்களோடு அதிகாரியிடம் நடந்து போவார். அதுதான் இங்கே மரியாதை. அமெரிக்காவில் அப்படி இறங்கி நடந்தால் அதைத் தாக்க வருவதாக எடுத்துக்கொள்ளக்கூடும். பின்னால் விளக்கு மின்னினால் வலது ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரவாக இருந்தால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, இரு கைகளையும் ஸ்டீரிங் மேல் வைத்தபடி இருக்கையிலேயே காத்திருங்கள். உரிமம் கேட்டால், அது எங்கே இருக்கிறது, எந்தப் பையிலிருந்து எடுக்கப் போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மெதுவாகக் கையை நகர்த்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே விதிதான். வீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை பழகிப் பாருங்கள். பதற்றத்தில் கை தானாகப் பைக்குள் போகும் என்பதால்தான் சொல்கிறேன்.

அந்நாட்டில் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அமைதி காக்கும் உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு. வண்டியையோ பையையோ சோதிக்கச் சம்மதமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று வாயால் சொல்லலாம். அதை மீறிச் சோதித்தால் உடலால் தடுக்கக் கூடாது. 'நான் போகலாமா?' என்று கேட்பதும் முறையானதே. ஆனால் 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் குடியேற்றப் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பொய் சொல்வதும் போலிப் பத்திரம் காட்டுவதும் படிப்பையே முடித்துவிடும். வண்டி ஓட்டும் எண்ணமிருந்தால் இங்கிருக்கும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறலாம். அது ஓராண்டு செல்லும். நீங்கள் போகும் மாநிலம் அதை ஏற்கிறதா, எத்தனை நாளில் அங்குள்ள உரிமம் எடுக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கிலாந்தில் தெருவில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரி, 1984ஆம் ஆண்டின் காவல் சட்டப்படி, தம் பெயரையும் நிலையத்தையும், எந்தச் சட்டத்தின் கீழ் எதைத் தேடுகிறார் என்பதையும், அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். சோதனையின் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமையும் உங்கள் தோழிக்கு உண்டு. வெறும் சோதனைக்காகப் பெயரும் முகவரியும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் அடையாளப் பத்திரத்தை உடன் வைத்திருப்பது சட்டக் கடமை. பிரான்சில் அடையாளத்தை நிரூபிக்க முடியாதவரை நான்கு மணி நேரம் வரை நிலையத்தில் வைத்து விசாரிக்கலாம். ஒரு நாட்டில் கேள்விப்பட்ட உரிமையை இன்னொரு நாட்டில் பேசிப் பார்க்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். அது நடக்கிறது. வெள்ளையரைவிடக் கறுப்பின மக்கள் அதிக விகிதத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்று இங்கிலாந்து அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. எந்தத் தவறும் செய்யாமல், தோலைப் பார்த்து நிறுத்தப்படுவது அவமானம். அந்த வலி நியாயமானது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ளும் இடம் தெரு அல்ல. அதிகாரியின் தோள்பட்டை எண், நேரம், இடம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவைத்து, பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கத்தின் வழியாக எழுத்தில் முறையிடுங்கள். அதை நீங்கள் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். முறையிடாத குறை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கேள்வி: ஒரு வாரத்துக்கு முன் வாட்ஸாப்பில் ஒருவர் அழைத்து, 'உங்கள் மகனைப் போதைப்பொருள் வழக்கில் பிடித்திருக்கிறோம், இரண்டு லட்சம் அனுப்பினால் விடுவோம்' என்றார். போலீஸ் சீருடை அணிந்த படம் வைத்திருந்தார். பின்னால் ஒரு பையன் அழும் சத்தம் கேட்டது. நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டேன். அதற்குள் மகனே அழைத்துவிட்டான். உண்மையிலேயே பிடித்தால் எப்படித் தெரிய வரும்? (ஒரு தாய், பெரியபட்டினம்)

பதில்: அம்மா, பணம் போகாமல் தப்பியது பெரிய ஆறுதல். எந்த நாட்டுக் காவல்துறையும் வாட்ஸாப்பில் பணம் கேட்டுக் கைதியை விடுவிப்பதில்லை. அத்தகைய அழைப்பு மீண்டும் வந்தால் உடனே துண்டித்துவிட்டு, மகனுடைய எண்ணுக்கும், அவருடைய அறை நண்பர் எண்ணுக்கும், வேலை செய்யும் இடத்துக்கும் அழையுங்கள். அழைத்தவரின் எண்ணை 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தெரிவியுங்கள். பணம் அனுப்பிவிட்டவர்களும் தாமதிக்காமல் அழைத்தால் வங்கியில் அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு.

உண்மையான கைது வேறு விதமாகத் தெரியவரும். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தாமதமின்றி அவரிடம் கூற வேண்டும். பாகிஸ்தான் கைது செய்த இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்நாடு இப்பிரிவை மீறியது என்று 2019 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது இதன் வலிமையைக் காட்டும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல நாடுகளில், கைதானவர் கேட்டால்தான் தூதரகத்துக்குச் செய்தி போகும். வெட்கப்பட்டோ, ஊரில் தெரிந்துவிடும் என்று பயந்தோ பேசாமல் இருந்துவிட்டால், யாருக்கும் தெரியாமலே நாள்கள் கழியும். ஆகவே மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: பிடித்தால் முதலில் சொல்ல வேண்டியது, 'இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்' என்பது, இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, தமிழ் மொழிபெயர்ப்பாளர், படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

தூதரகம் சிறைக் கதவைத் திறந்துவிடாது; அந்நாட்டுச் சட்டத்தில் அது தலையிட முடியாது. ஆனால் அதிகாரி நேரில் போய்ப் பார்க்கலாம், வழக்கறிஞர்களின் பட்டியல் தரலாம், உங்களுக்குச் செய்தி சொல்லலாம். இங்கிருந்து நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும், இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுக்கலாம். இவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மகனின் பாஸ்போர்ட் எண், விசாவின் வகை, முதலாளியின் பெயர், அங்குள்ள முகவரி ஆகியவற்றைத்தான். பல வீடுகளில் இவை ஒருவருக்கும் தெரிவதில்லை; அதைத் தேடுவதிலேயே இரண்டு நாள் போய்விடுகிறது. அடுத்த முறை மகன் அழைக்கும்போது இந்த விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணையும் அதன் கீழே சேர்த்து, ஒரு படியை உங்களிடமும் இன்னொரு படியைத் தம்பியிடமோ மருமகளிடமோ கொடுத்துவையுங்கள்.